பெயர் பெற்ற கடைகளும் செல்போன் விளம்பரமும்



"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். மூன்று தலைமுறையாகக் கடை நடத்துகிறோம், நம் பெயரே விளம்பரம் என்று நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் அந்தப் பெயரை அறிந்த வாடிக்கையாளர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களுடைய பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். ஊர்ப் பண்டம் வேண்டுமென்றால் செல்போனில்தான் தேடுகிறார்கள். அங்கே நம் கடை இல்லையென்றால், தெரிகிற கடையில் வாங்கிக்கொள்கிறார்கள்.

நம் மக்ரூனையே எடுத்துக்கொள்வோம். எங்கோ செய்த பண்டத்துக்குத் தூத்துக்குடிப் பெயரை ஒட்டி விற்பது இன்று கடினமான காரியமல்ல. நம் மாவட்டத்தில் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டிலும், ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. சட்டம் ஊர்ப் பெயரைக் காக்கும். ஆனால் அசல் சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

விளம்பரம் செய்வது கவுரவக் குறைவு என்று சிலர் கருதுகிறார்கள். 1906-ஆம் ஆண்டில் இதே ஊரில் சுதேசி கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சிதம்பரனார், 25 ரூபாய்ப் பங்குகளை விற்க ஊர் ஊராகச் சென்று பேசினார். அவருக்கு வராத குறைவு நமக்கு வந்துவிடாது.

எப்படித் தொடங்குவது? ஒரே நாளில் எல்லாவற்றிலும் இறங்க வேண்டாம். 2018-ஆம் ஆண்டு முதல் வியாபாரிகளுக்கென்றே தனி வாட்ஸ்அப் இருக்கிறது. அதற்குக் கட்டணம் இல்லை. கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம், சரக்கின் படம் ஆகியவற்றை அதில் பதியலாம். கூகுள் வரைபடத்திலும் கடையைச் சேர்த்துவிட்டால் வெளியூர்க்காரர் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. இவை பழகிய பிறகு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கம் போகலாம்.

சில எச்சரிக்கைகளும் தேவை. கடைக்கென்று தனி எண் வையுங்கள். அந்த சிம் கார்டு முதலாளி பெயரில் இருக்கட்டும். கடவுச்சொல்லும் அவர் கையில் இருக்கட்டும். வேலைக்கு இருக்கும் பையன் விலகிப் போனால் வாடிக்கையாளர் பட்டியலும் அவனோடு போய்விடக் கூடாது. ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். மொத்தமாக அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே பில் போடும்போதே கடை எண்ணைப் பதியச் சொல்லுங்கள். விருப்பமில்லாதவருக்கு அனுப்பித் தொல்லை கொடுக்க வேண்டாம்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை. மொத்த விலையை ஊரறியப் போட்டுவிடாதீர்கள். அது நம்மிடம் வாங்கி விற்கும் சில்லறைக் கடைக்காரரின் வயிற்றில் அடிப்பதாகும். விலைப்பட்டியலை அவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, படத்தில் காட்டிய சரக்கே பெட்டியிலும் இருக்க வேண்டும். மக்ரூன் நொறுங்கும் பண்டம். கூரியரில் தூளாகப் போய்ச் சேர்ந்தால் அதையும் படம் எடுத்துப் போடுவார்கள். நல்ல பெட்டி கட்டத் தெரிந்துகொண்ட பிறகு வெளியூர் ஆர்டர் எடுப்பதே நலம்.

நமது சங்கம் மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கி, கல்லூரியில் படிக்கும் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே பயிற்சி கொடுக்கலாம் என்பது நம் யோசனை. செலவு ஒரு வேளை காபிக்குத்தான். நிர்வாகிகள் அடுத்த செயற்குழுவில் இதைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களும் தங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள்.