கிணற்றில் இறக்கிய எஞ்சினுக்குக் காற்றும் எண்ணெய்க் குழாயும்

தண்ணீர் இறைப்பதற்கு எண்ணெய் எஞ்சின் வாங்கும் விவசாயி அதன் குதிரைச் சக்தியை விசாரிக்கிறார், விலையை விசாரிக்கிறார், மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதையும் விசாரிக்கிறார். அது உறிஞ்சும் காற்று எவ்வழியே வரும், அது கக்கும் புகை எவ்வழியே போகும் என்று விசாரிப்பவர் மிகச் சிலரே. புகைக் குழாயும் எண்ணெய்க் குழாயும் எஞ்சினின் அங்கங்களேயன்றி, பிறகு பார்த்துக்கொள்ளத்தக்க உபரிச் செலவுகள் அல்ல என்பது என் திடமான அபிப்பிராயம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினும் பம்பும் கொண்டு இறவைப் பாசனம் செய்வதைப் பரப்ப முயன்றார். அக்காலந்தொட்டு நீர்மட்டம் தாழத் தாழ, எஞ்சினும் கிணற்றுக்குள் இறங்கியே வந்திருக்கிறது. பம்பு நீரை உறிஞ்சி ஏற்றும் உயரத்திற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்திருப்பதுதான் இதற்குக் காரணம். கணக்குப்படி அது சுமார் 10 மீட்டர். அனுபவத்திலோ 6 அல்லது 7 மீட்டருக்கு மேல் கிட்டுவதில்லை. ஆகவே கிணற்றினுள் மேடை கட்டி எஞ்சினை அதன்மீது வைக்கிறார்கள். மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும், தூர் வாருவதற்காக வாடகை எஞ்சின் வைத்து நீரை வெளியேற்றும் இடங்களிலும் இவ்வழக்கம் இன்றும் உண்டு.

இதிலுள்ள அபாயத்தைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். 1 லிட்டர் டீசல் முற்றும் எரிவதற்கு ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடியாக உள்ள ஓர் அறையில் அடங்கும் காற்று சுமார் 28 கன மீட்டரே. அதாவது 3 லிட்டர் எண்ணெய்க்குக்கூட அது போதாது. கிணற்றின் அடியில் காற்று அசைவதும் அரிது. அங்கே புகையை விட்டால், எஞ்சின் தான் கக்கியதையே திரும்ப உறிஞ்சுகிறது. பிராணவாயு குறையவே எண்ணெய் அரைகுறையாக எரிந்து, கரும்புகையும் கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சுவாயுவும் பெருகுகின்றன. இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் இது இரத்தத்தோடு சேர்ந்துகொள்கிறது.

சில வருஷங்களுக்கு முன் நான் சென்ற ஒரு கிராமத்தில், எஞ்சின் ஓட்டும் ஆளுக்குத் தினமும் உச்சிவேளையில் தலைவலியும் குமட்டலும் கண்டுவந்தன. சொந்தக்காரர் அதைப் பித்தம் என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் கொடுத்து வந்தார். இறைப்பு இல்லாத நாட்களில் அவனுக்கு ஒரு உபத்திரவமும் இல்லை. இறங்கிப் பார்த்தேன்; புகைக் குழாய் எஞ்சினுக்கு ஒரு முழத்துக்கு அப்பால் முடிந்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "குழாயை நீட்டினால் எஞ்சினின் இழுவை குறைந்துவிடும் என்றார்களே, ஐயா" என்றார் அவர்.

அவர் சொன்னது பாதி மெய். குறுகிய குழாயை நீட்டினாலும், பல வளைவுகள் வைத்தாலும் புகை தடைப்படும். அதற்குப் பரிகாரம் குழாயை வெட்டுவதன்று. நீளத்திற்கேற்பச் சற்று அகன்ற குழாயாகப் போட்டு, வளைவுகளைக் குறைப்பதேயாம். அவரும் அவ்வாறே இரும்புக் குழாயைக் கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொண்டுபோய், மழைநீர் புகாதபடி அதன் வாயை வளைத்து வைத்தார். அதன் பிறகு அந்த ஆளுக்குக் கஷாயம் தேவைப்படவில்லை.

விளக்கை இறக்கிப் பார்த்து, அது அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்னும் வழக்கமும் இங்கே உதவாது. விளக்கு பிராணவாயுவின் குறைவைத்தான் காட்டும். மனிதனைக் கொல்லும் அளவு நச்சுவாயு கலந்திருக்கும் காற்றிலும் சுடர் நின்று எரியும்.

எண்ணெய்க் குழாய்க்கும் இதே கவனம் வேண்டும். எண்ணெய் தானே வடிந்து வரும்படி தொட்டி எஞ்சினைவிடச் சற்று உயரமாக இருக்கவேண்டும். ஆனால் சூடான புகைக் குழாய்க்கு நேர் மேலே இருத்தலாகாது. தொட்டியின் அடியில் மூடுகுழாயும், அதையடுத்து வடிகட்டியும் அவசியம். சைக்கிள் டியூப், தோட்டத்துப் பிளாஸ்டிக் குழாய் முதலியவை எண்ணெயில் ஊறி இளகும். நாகம் பூசிய இரும்புக் குழாயின் பூச்சு எண்ணெயில் கரைந்து எஞ்சினைக் கெடுக்கும். செப்புக் குழாயை விறைப்பாக இழுத்துக் கட்டாமல் ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால், எஞ்சினின் அதிர்ச்சியால் அது வெடிக்காது. இணைப்புக்களில் சொட்டும் எண்ணெய் வீண் செலவு மட்டுமன்று. சூடான இடத்தில் விழுந்தால் அதுவே தீ. தீப்பற்றினால் மணலைக் கொட்டவேண்டும். தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் மிதந்து தீ பரவும்.

பெட்ரோல் எஞ்சினை எக்காரணத்தாலும் கிணற்றில் இறக்கலாகாது. அதன் ஆவி காற்றினும் கனமானதாதலால் அடியிலேயே தேங்கும். ஒரு பொறி போதும்.

எல்லாவற்றிலும் உத்தமம், எஞ்சினை மேலேயே நிறுத்திப் பம்பை மட்டும் கீழே வைத்து, பட்டை மூலமோ நீண்ட தண்டு மூலமோ ஓட்டுவது. இதற்குச் செலவு அதிகந்தான். இயலாதவர்கள் புகைக் குழாயையாவது வெளியே விடட்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. கிணற்றில் ஒருவன் மயங்கி விழுந்தால், அவனைத் தூக்கப் பதறி இறங்குபவனும் விழுகிறான். அவனுக்குப் பின் இறங்குபவனும் விழுகிறான். ஆகவே முதலில் எஞ்சினை நிறுத்தவேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு உடனே செய்தி அனுப்பவேண்டும். சுவாசக் கருவியில்லாமல் எவரையும் இறங்க விடலாகாது. தூர் வாரும் காலத்தில் இறங்கும் ஒவ்வொருவர் இடுப்பிலும் கயிறு கட்டி, அதன் நுனியை மேலே ஆள் பிடித்திருப்பின் இத்தருணத்தில் அக்கயிறே உயிர் காக்கும்.

கிணற்றில் நேரும் மரணத்தை முனி அடித்தது என்றும் விதி என்றும் சொல்லி முடித்துவிடுகிறோம். பல இடங்களில் அது சில அடிக் குழாயை மிச்சம் பிடித்ததன் பலன். எஞ்சினுக்குப் பல ஆயிரம் கொடுப்பவர், அதை ஓட்டுபவனின் மூச்சுக்காக இன்னும் சில அடிக் குழாய் வாங்கத் தயங்கலாகாது.