கேமராவுக்கும் ஓர் எல்லைச் சுவர்

புதுமனைப் புகுவிழாவுக்கு முன்பே வாசலில் சிசிடிவி கேமரா மாட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, வயதான பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. சங்கிலிப் பறிப்போ வாகனத் திருட்டோ நடந்தால், காவல்துறை முதலில் தேடுவது தெருவிலுள்ள கேமராப் பதிவுகளைத்தான். சென்னைக் காவல்துறையே ‘மூன்றாவது கண்’ திட்டத்தின் மூலம் கேமரா பொருத்துமாறு மக்களை ஊக்குவித்தது.

அடுத்த வீட்டாரின் கவலையும் நியாயமானதே. நம் தெருக்கள் குறுகலானவை. மாடிப்படி மூலையில் மாட்டிய கேமராவில் நம் வாசலோடு எதிர்வீட்டு ஜன்னலும், அவர்கள் துணி உலர்த்தும் மொட்டை மாடியும் சேர்ந்தே பதிவாகின்றன. மைக் உள்ள கேமராவென்றால் திண்ணைப் பேச்சும் தப்பாது. “தவறு செய்யாதவர் ஏன் பயப்பட வேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். கதவைத் தாழிட்டுக்கொள்பவர்கள் எல்லாம் எதையோ ஒளிக்கிறார்கள் என்றா பொருள்?

சட்டம் இரு தரப்புக்கும் முழு விடை தரவில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் தீர்ப்பளித்தது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அனுமதியின்றிப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின்படி குற்றம். மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பெண்களின் தனிமையை மறைந்து பார்ப்பதையும் படமெடுப்பதையும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு தண்டிக்கிறது. ஆனால், பக்கத்து வீட்டுக்கு யார் வந்தார், எப்போது போனார் என்று நாள் முழுவதும் பதிவாவதை இப்பிரிவுகள் நேரடியாகத் தொடவில்லை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்கு விலக்கு அளிக்கிறது.

இந்த இடைவெளியை அரசு தெளிவான வழிகாட்டு நெறிமுறைகளால் நிரப்ப வேண்டும். எவ்வளவு தூரம் பதிவு செய்யலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், புகாரை யார் விசாரிப்பார் என்பவை அதில் இடம்பெற வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாமே செய்யக்கூடியவை பல உண்டு. கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்பினாலே பெரும்பாலும் போதும். பல கருவிகளில் படத்தின் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது. பொருத்த வருபவரிடம் கேட்டால் செய்து தருவார். ஒலிப்பதிவை நிறுத்திவைக்கலாம். பதிவுகளைக் காவல்துறை கேட்டால் கொடுக்கலாம். தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவதைத் தவிர்க்கலாம்.

அடுத்த வீட்டாருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. சந்தேகம் எழுந்ததும் காவல் நிலையத்துக்கு ஓடாமல், “உங்கள் கேமராவில் எங்கள் வீடு தெரிகிறதா?” என்று நேரில் கேட்கலாம். கேட்பவரை அழைத்துத் திரையைக் காட்டுவது கேமரா வைத்திருப்பவரின் கடமை. பேசியும் தீராதவற்றைக் குடியிருப்போர் நலச் சங்கம் இரு தரப்பையும் அமர்த்திப் பேசித் தீர்க்கலாம். அதற்கும் மேல் சட்டம் இருக்கிறது.

திருட்டு நடக்கும் நேரத்தில் முதலில் ஓடிவருபவர் அடுத்த வீட்டுக்காரர்தான். அவரது நம்பிக்கையை இழந்து பெறும் பாதுகாப்பு அரைப் பாதுகாப்பே. அடுத்த நலச் சங்கக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாகச் சேர்த்துப் பேசத் தொடங்குவோம்.