கடப்பாவுக்கு இருவர் வேண்டும்

கும்பகோணம் கடப்பாவைத் தனியாகச் சாப்பிட்டால் பாதி ருசிதான். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைந்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்த விழுதில் கொதித்து, கடைசியில் எலுமிச்சை பிழிந்து இறக்கப்படும் தொடுகறி அது. இட்லியை மூழ்கடித்து, "இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லுடா" என்று எதிரில் ஒருவர் சொல்ல வேண்டும்.

நல்ல துணை எதையும் ருசியாக்கும். தேவங்குடியில் 1921-இல் பிறந்து கும்பகோணத்தில் படித்த எழுத்தாளர் தி. ஜானகிராமன், காவிரியைத் தனியாகப் பார்க்கப் போகவில்லை. நண்பர் சிட்டியோடு போனார். இருவர் பெயரிலும் 'நடந்தாய் வாழி, காவேரி' என்ற பயணநூல் 1971-இல் வெளிவந்தது.

இன்று நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள். பித்தளை டவரா உண்டு, உட்காரத்தான் ஆளில்லை.

கோயில் பார்க்க வருகிறவர்களின் அவசரம் இன்னும் மோசம். ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் ஒரே நாளில் முடிக்க விடியலில் கிளம்பி, பொட்டலத்தை வண்டியிலேயே பிரிக்கிறார்கள். ஒரு தலத்தை மறுநாளைக்கு ஒத்திவைக்கலாம். சனீஸ்வரன்கூடக் கோபித்துக்கொள்ள மாட்டார். அதில் மிச்சமாகும் ஒரு மணி நேரத்தில் கும்பேஸ்வரர் கோயில் பக்கம் பழைய காபி ஹோட்டல் ஒன்றில் நண்பரோடு உட்காரலாம். பில்லுக்குச் சண்டை போட்டுவிட்டு, 2025-இல் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலையையும் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொள்ளலாம்.