கழட்டி வைக்கத்தான் அந்தக் கதவு

போன மாசம் மச்சான் மகனோட புது ஃபிளாட்டுக்குப் பால் காய்ச்சப் போயிருந்தோம். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவுல ஒரு தள்ளுகதவு. கட்டம் கட்டமா மரச்சட்டம், அதுல காகிதம் மாதிரி வெள்ளை அக்ரிலிக். "ஷோஜி மாமா, ஜப்பான் ஸ்டைல்" என்றான். லட்சணமாத்தான் இருந்துச்சு. ஆனா வந்த சனத்துல பாதிப் பேர் லிஃப்ட் பக்கத்துல தட்டோட நின்னு சாப்பிட்டோம். அந்தக் கதவு மூடியே கிடந்தது.

எனக்கு உறுத்தினது அதுதான். ஜப்பான் விவசாயி வீட்டுல இப்படிக் கூட்டம் வர்ற நாள்லதான் அந்தக் கதவுக்கு உண்மையான வேலை.

அங்கே பழைய பண்ணை வீடுகளில் பரவலா இருந்த ஒரு அமைப்புக்குப் பேரே 'வயல் எழுத்து' வீடு. அவங்க எழுத்துல வயலுக்கு ஒரு சதுரம் போட்டு உள்ளே கூட்டல் குறி போடுவாங்க. நாலு பாத்தி, நடுவுல வரப்பு. வீடும் அப்படியே நாலு அறை. அறைகளைப் பிரிக்கிறது பெரும்பாலும் சுவர் இல்லைங்க, ஃபுசுமா என்கிற தள்ளுகதவு. மரச்சட்டத்துக்கு ரெண்டு பக்கமும் கெட்டிக் காகிதம் ஒட்டினது, வெளிச்சம் புகாது. திண்ணைப் பக்கம் வர்றதுதான் ஷோஜி. ஒத்தைக் காகிதம்; வெயிலை வடிகட்டி உள்ளே விடும். அதுக்கும் வெளியே, மழை புயலுக்கு அமாதோ என்கிற பலகைக் கதவு.

மேல் சட்டத்துப் பள்ளம் ஆழம், கீழ்ப்பள்ளம் லேசு. கதவை மேலே தூக்கி அடியை முன்னால இழுத்தா கையோட வந்துடும். கீல் கிடையாது. கல்யாணமோ சாவோ வந்தா எல்லாத்தையும் கழட்டி அடுக்கிடுவாங்க. வரப்பை வெட்டி விட்ட மாதிரி நாலு அறையும் ஒரே கூடம்.

இது நடக்கணும்னா தரை காலியா இருக்கணும். அங்கே கட்டில் போடற வழக்கம் இல்லை. படுக்கையைக் காலையில மடிச்சு சுவர் அலமாரிக்குள்ள வெச்சிடுவாங்க. இதை விட்டுட்டுக் கதவை மட்டும் வாங்கி என்ன பண்றது?

காகிதக் கதவுன்னா வேலையும் இருக்கு. வருஷக் கடைசியில வீட்டைக் கழுவித் துடைக்கறப்போ ஷோஜிக்குப் புதுக் காகிதம் ஒட்டுவாங்க. கிழியப்போற பழசுல விரலை விட்டு ஓட்டை போட அன்னிக்கு மட்டும் பிள்ளைகளுக்கு அனுமதி. அந்தக் காகிதம் மல்பெரி குடும்பத்துச் செடியான கோசோவோட பட்டையில செய்யறது. பனிக்காலத்துல வயல் வேலை இல்லாதப்போ விவசாயிகள் செய்த உபதொழில் அது. ஷோஜிக்குப் பேர்போன மினோ ஊர்க் காகிதம் 2014-ல யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துச்சு.

எனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு. 14-ஆம் நூற்றாண்டில் யோஷிதா கென்கோ என்கிற துறவி எழுதின 'த்ஸுரேஸுரேகுசா'வில் வருது. நாட்டையே ஆண்ட ஹோஜோ தோகியோரி விருந்துக்கு வர்றார். அவரோட அம்மா ஷோஜியில கிழிஞ்ச கட்டத்தை மட்டும் தன் கையால வெட்டி ஒட்டிட்டு இருக்காங்க. மொத்தமா மாத்திடலாமே, ஒட்டுப் போட்டது அசிங்கமா இருக்குமேன்னு அண்ணன் கேட்கிறார். பின்னாடி மாத்தத்தான் போறேன், கெட்ட இடத்தை மட்டும் சரி பண்ணினா போதும்னு பையன் பார்க்கட்டுமேங்கறாங்க.

ரொம்பவும் புகழவும் மனசு வரலை. காகிதத்துக்கு அந்தப் பக்கம் பேசறது அத்தனையும் கேட்கும். புதுசா வந்த மருமகள் அழறதுக்குக்கூட இடம் இருந்திருக்காது. பனிக்காலக் குளிரைக் காகிதம் எவ்வளவு தாங்கும்? இன்னிக்கு ஜப்பான்லயே கல்யாணம் மண்டபத்துக்கும் ஓட்டலுக்கும் போயாச்சு, சாவுக்கும் தனி மண்டபம் வந்தாச்சு. புது வீடுகள்ல சுவர் எழும்பிடுச்சு. அவங்களைக் குத்தம் சொல்ல நான் யாரு?

கிளம்பறப்போ மச்சான் மகன்கிட்ட, "இதைக் கழட்ட முடியுமாப்பா?" என்று கேட்டேன்.

"மேல் ட்ராக்குல ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்காங்க மாமா. கழட்டினாலும் பின்னாடி கட்டில் நிக்குதே" என்றான்.