எந்த மண்டபத்துக்குப் போவது?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகளும் வெட்டுப்புள்ளிகளும் வெளியாகி, பேராதனைக்கு இடங் கிடைத்துவிட்டது என்பது உறுதியானவுடன், நம்மவர் வீடுகளிலே ஒரு புதிய விசாரணை தொடங்கிவிடும். எந்த மண்டபத்திலே நம் ஊர்ப் பிள்ளைகள் கூடுதலாக இருக்கிறார்கள்? பள்ளிக்கூடத்திலே இவனுக்கு மூத்த வகுப்பிலே படித்த பொடியன் இப்போது எங்கே தங்கியிருக்கிறான்? கண்டி நகரிலோ பிலிமத்தலாவையிலோ நமக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலே ஓர் அறை எடுத்துக் கொடுத்தால் என்ன? எந்தத் துறையிலே படிப்பது என்பதை இரண்டு மூன்று வருடங்களாக ஆராய்ந்த குடும்பம், எங்கே வாழ்வது என்பதை இரண்டு தொலைபேசி உரையாடல்களிலே தீர்த்துவிடுகின்றது. தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: தெரிந்தவரோடு இருக்கட்டும்.

இஃது இயல்பான விருப்பந்தான். ஆயினும் புகுமுக மாணவன் ஒருவன் பல்கலைக்கழக வாழ்விலே செய்யக்கூடிய முதற் பெருந்தவறு இதுவே என நான் கருதுகின்றேன்.

பேராதனையின் மண்டபங்கள் வெறுமனே இரவு உறங்குவதற்கென எழுப்பப்பட்டவை அல்ல. 1942இலே இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலே தோன்றியபோதே, அது மலைநாட்டிலே ஒரு வதிவிடப் பல்கலைக்கழகமாக வளரவேண்டும் என்ற எண்ணம் இருந்தது. முதலாவது உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் கேம்பிரிட்ஜிலே பயின்றவர்; கல்வி என்பதிற் பாதி விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நடைபெறுவது என்ற கொள்கையிலே ஊறியவர். பற்றிக் அபர்குரொம்பி வகுத்த திட்டத்தை, சேர்லி டி அல்விஸ் என்ற நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் மகாவலிக்கும் அந்தானை மலைக்கும் இடையே உருவாக்கினார். 1952 ஒற்றோபர் மாதத்திலே மாணவர் அங்கே குடிபுகுந்தபோது, விரிவுரையாளர்களே விடுதிக் காப்பாளராக இருந்தனர். எல்லோரும் ஒரே சாப்பாட்டு மண்டபத்திலே ஒரே நேரத்திலே உண்டனர். ஆங்கிலேயரைப் பார்த்துச் செய்த பாவனைகளும் அங்கே இல்லாமலில்லை. முள்ளுங் கரண்டியும் பிடிக்கத் தெரியாமல் நாணிய கிராமத்துப் பிள்ளைகளை நினைத்து நாம் இன்று நகைக்கலாம். பாவனைகளைக் கழித்துவிட்டாலும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. காலியிலிருந்து வந்தவனும், பருத்தித்துறையிலிருந்து வந்தவனும், கல்முனையிலிருந்து வந்தவனும் பக்கத்துப் பக்கத்து அறைகளிலே ஒரே நீர்க்குழாய்க்காகக் காத்துநின்றார்கள்.

இவ்விடத்திலே ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அருணாசலம் மண்டபத்திலும் இராமநாதன் மண்டபத்திலும் வாழ்ந்து பட்டம் பெற்று வெளியேறும் நம் பிள்ளைகளுள், அவ்விருவரும் உடன்பிறந்தோர் என்பதையும், 1906ஆம் ஆண்டளவிலேயே இந்நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று இயக்கம் நடத்தியவர் அருணாசலம் என்பதையும் அறிந்தவர் எத்தனை பேர்? மார்ஸ் என்பவர் 1921இலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல் அதிபர் என்பதையாவது கேட்டு அறிந்தவர் உண்டா? தாம் வாழும் வீட்டின் பெயரையே விசாரியாதவர், பக்கத்து அறைக்காரனை விசாரிப்பார் என எதிர்பார்ப்பது மிகைதான்.

1960ஆம் ஆண்டிலே நிகழ்ந்த மாற்றம் மண்டபங்களின் பயனை மும்மடங்காக்கியது. அவ்வாண்டிலே கலைப் பீடத்துக்குச் சுயபாஷை மூலம் கற்ற மாணவர் புகுந்தனர். 1945இலே இலவசக் கல்வி திறந்துவிட்ட கதவு வழியாகச் சாதாரண குடும்பத்துப் பிள்ளைகளும் பல்கலைக்கழகத்தை எட்டினர். அது நியாயமான மாற்றம். ஆங்கிலம் அறிந்த சிலருக்கென்றே உயர்கல்வி என்ற நிலை என்றோ ஒருநாள் போகவேண்டியதுதான். ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே வரலாற்றைச் சிங்களத்திலே ஓர் அறையிலும் தமிழிலே மற்றோர் அறையிலும் கற்பிக்கும் நிலை வந்தது. விரிவுரை மண்டபம் இரண்டாகப் பிரிந்த பின்னர், இரு சாராரும் ஒன்றாகக் கூடுவதற்கு எஞ்சிய இடங்கள் விளையாட்டு மைதானமும் விடுதியுமே. மைதானத்துக்குச் சிலரே போவர். விடுதியிலோ வாழ்ந்தேயாகவேண்டும். அங்கேயும் நாம் நமக்கென ஒரு மூலையைத் தேடிக்கொண்டால், நான்கு வருடங்கள் பேராதனையிலே இருந்தும் பேராதனைக்குப் போகாதவராகவே திரும்புவோம். இத்தகைய பட்டதாரிகளை நாம் அறிவோம். சிங்கள நண்பர் ஒருவரேனும் இல்லை. பஸ் நடத்துநரிடம் மிச்சக் காசு கேட்பதற்கு வேண்டிய சிங்களமும் இல்லை.

தமிழரோ சிங்களவரோ என்ற அளவிலே மாத்திரம் இதனைப் பார்க்கவேண்டியதில்லை. தமிழ் பேசுவோர் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதும் அந்த மலைச்சாரலிலேதான். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தார். 1962இலே ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’ என்று தொடர்ந்த அந்த முயற்சிக்கு, எதிரிவீர சரச்சந்திரவின் 1956ஆம் ஆண்டு ‘மனமே’ ஒரு தூண்டுகோலாக இருந்தது என்பது பலரும் அறிந்ததே. மட்டக்களப்புக் கிராமங்களிலே கூத்தைக் கண்டும் ஆடியும் வளர்ந்த மாணவர், தாளக்கட்டுகளை அறியாத பிறபகுதி மாணவரோடு சேர்ந்து ஆடினர். இவ்வகை ஆற்றுகை, ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகும் மாணவரைக் கொண்டு நிகழக்கூடியதா? இரவு வெகுநேரம்வரை ஒத்திகை பார்த்து, கால்நோவுடன் ஒரே பாதையாலே நடந்து திரும்பும் கூட்டம் வேண்டும். தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ மலர்களுக்கும், அக்காலத்து மாணவர் வெளியிட்ட சிறுகதைத் தொகுதிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். யாழ்ப்பாணத்தான் யாழ்ப்பாணத்தானோடும், மட்டக்களப்பான் மட்டக்களப்பானோடும், மலையகத்துப் பிள்ளை தனியாகவும் இருந்திருந்தால், இவை எழுந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

இனி, மறுப்புரைகளைப் பார்ப்போம். அவை அற்பமானவை அல்ல.

“பயம் இருக்கிறது” என்கிறார்கள் பெற்றோர். இருக்கத்தான் வேண்டும். 1983 மே மாதத்திலே பேராதனை வளாகத்திலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். அவர்களுள் பலர் படிப்பை விட்டு ஊர் திரும்பினர். அதனைக் கண்ட தலைமுறைதான் இன்று பேரப்பிள்ளைகளை அனுப்புகின்றது. “நம்மவரோடு இரு” என்ற அறிவுரையின் அடியிலே கிடப்பது குறுகிய மனம் என்று சொல்லிவிட்டுப் போவது கொடுமையாகும். ஆனால் அந்த நாட்களிலே மாணவரைத் தம் அறைகளிலே மறைத்து வைக்கக்கூடியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முன்பின் அறியாத ஒருவனுக்காக அறைக் கதவைத் திறப்பவர் சிலரே. ஒரே அறையிலே ஒரு வருடம் உறங்கியவனுக்காகத் திறப்பவர் பலராயிருப்பர்.

பகிடிவதை பற்றிய அச்சம் வேறுவகையானது. 1975இலே இராமநாதன் மண்டபத்திலே, வதைக்குத் தப்பும் பொருட்டு மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருத்தி வாழ்நாள் முழுவதும் நடக்கமுடியாதவளானாள். 1997இலே அதே பேராதனையிலே பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவன் ஒருவன் பகிடிவதையின் விளைவாகச் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். மறுவருடமே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்தும் வதை ஒழியவில்லை என்பது உண்மை. எனினும், தெரிந்த சிரேஷ்ட மாணவன் இருக்கும் மண்டபம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவுமில்லை. வதைப்பவர்கள் தம் மொழி பேசுவோரையும், தம் பள்ளிக்கூடத்தாரையுமே முதலிலே தேடிப் பிடிப்பர் என்பதை விடுதியிலே இருந்த எவரும் சொல்வர். ஊர்ப்பாசம் என்பது அங்கே பிடரியைப் பிடிக்கும் கையாகவும் மாறக்கூடும். ஆதலால், மண்டபத்தைப் பற்றி விசாரிக்கும் தந்தை, “நம்மவர் எத்தனை பேர்?” என்று கேட்பதற்குப் பதிலாக, “விடுதிக் காப்பாளர் மண்டபத்திலேயே தங்குகிறாரா? இரவிலே கதவைத் தட்டினால் திறப்பாரா?” என்று கேட்கட்டும். பெண்பிள்ளையைப் பெற்றவர் இதனை இருமுறை கேட்கட்டும்.

தனியறை எடுத்துத் தங்குவது படிப்புக்கு நல்லது என்பாரும் உளர். அமைதி கிடைக்கும், அவ்வளவே. நூலகத்துக்குப் போய்வர பஸ்ஸிலே கழியும் நேரத்தையும் மாதவாடகையையும் கூட்டிப் பார்த்தால் அந்த அமைதி மலிவானதன்று. 1960களிலே மாணவர் தொகை பெருகப் பெருக, எல்லோருக்கும் விடுதி என்ற கொள்கை கைநழுவிப் போயிற்று. இன்று பல பல்கலைக்கழகங்களிலே முதலாம் வருடத்தாருக்கும் இறுதி வருடத்தாருக்குமே முன்னுரிமை. கிடைக்கும் அந்த ஒரு வருடத்தையும் வேண்டாமென்று விடுவது எவ்வகைச் சிக்கனம்?

இது தெற்கே போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு மாத்திரம் சொல்லும் உபதேசமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே இன்று சிங்கள மாணவரும் பயில்கின்றனர். உள்ளூர்ப் பிள்ளைகள் வீட்டிலிருந்து சைக்கிளிலே வந்து வீட்டுக்கே திரும்ப, வெளியூரார் விடுதியிலே தமக்குள்ளே வாழ்கின்றனர். 2016 யூலையிலே அங்கே விஞ்ஞான பீடத்துப் புகுமுக மாணவர் வரவேற்பிலே, கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றிய பிணக்குக் கைகலப்பாக முற்றியது. ஒருவர் மேளத்தை மற்றவர் ஒரு வருடமேனும் பக்கத்து அறையிலே கேட்டிருந்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்குமா என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு.

மாணவன் செய்யவேண்டியது எளிது. விடுதிக்கு விண்ணப்பிக்கவேண்டும், கொடுத்த அறையை ஏற்கவேண்டும். முதல் வாரத்திலேயே நிகழும் அந்தக் கட்டில் மாற்றத்துக்கு, அதாவது “நீ இங்கே வா, நான் அங்கே போகிறேன்” என்று நம்மவரெல்லாம் ஓர் அறையிலே திரளும் சடங்குக்கு, உடன்படலாகாது. பழைய மாணவர் சங்கத்தார் எழுதும் சிபாரிசுக் கடிதங்களையும் கையிலே கொண்டுபோக வேண்டியதில்லை.

நிர்வாகத்தார் செய்யவேண்டியது அதனினும் எளிது. அறைப் பட்டியலை மொழிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் தயாரிப்பதை விட்டுப் பெயர்களைக் கலந்து எழுதட்டும். முதல் அரையாண்டு முடியும்வரை அறைமாற்ற விண்ணப்பம் எதனையும் ஏற்பதில்லை என ஒரு விதி செய்யட்டும். நோய், பகிடிவதை ஆகிய இரண்டு காரணங்களுக்கு மாத்திரம் விலக்கு இருக்கலாம். பகிடிவதை என்று வரும் விண்ணப்பத்துக்கு அன்றிரவே அறை கொடுக்கவேண்டும்.