சண்டைக்கு முன்னாடியே சண்டை... யு.எஃப்.சி வீரர்கள் ஏன் இவ்வளவு வாய் பேசுறாங்க?

பொங்கல் சீசனில் கொசவபட்டி, புகையிலைப்பட்டி, நத்தம் பக்கம் ஜல்லிக்கட்டு பார்த்தவங்களுக்குத் தெரியும். மாடு வாடிவாசலைத் தாண்டுவதற்கு முன்பே மைக் சீற ஆரம்பிச்சுடும். "தொட்டுப் பாரு... தில் இருந்தா பிடிச்சுப் பாரு!" மாட்டுக்காரர் பேர், ஊர், பிடிச்சா அண்டாவா சைக்கிளா பீரோவா என்பது வரைக்கும் ஒரே மூச்சில் வரும். கேலரியில் இருக்கிறவங்களுக்குப் பாதி சுவாரஸ்யமே அந்த மைக்தான்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அங்கே சவால் விடுறது மைக் பிடிச்சவர். மாடுபிடி வீரர் வாயைத் திறக்கறதே இல்லை. நம்ம ரீல்ஸில் வந்து விழும் எம்.எம்.ஏ வீடியோக்களில் கதை நேரெதிர். சண்டை போடப் போகிறவரே மைக்கைப் பிடுங்கி எதிராளியின் நாடு, மதம், குடும்பம் வரைக்கும் போகிறார். அவங்க எல்லாருமே கோபக்காரங்களா? இல்லை. இதுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கு.

யார் யாரோடு மோதுறது?

கபடியிலோ கிரிக்கெட்டிலோ பாயின்ட்ஸ் டேபிள் இருக்கு. ஜெயிச்சா மேலே போகலாம், ஊமையாக இருந்தாலும் ஃபைனல் ஆடலாம். யு.எஃப்.சி அப்படி இல்லை. தரவரிசை இருந்தாலும், அடுத்து யாருக்கு யாரோடு சண்டை என்று முடிவு செய்வது கம்பெனிதான். டிக்கெட் விற்கிற ஆளுக்கு முன்னுரிமை. வரிசையாக ஜெயிச்சும் பெரிய சண்டை கிடைக்காமல் காத்திருக்கிற வீரர்கள் உண்டு.

கோல்பி கோவிங்டனைப் பாருங்க. நல்ல மல்யுத்தக்காரர், ஆனா சண்டை கொஞ்சம் போரடிக்கும். 2017 அக்டோபரில் சாவ் பாலோவில் டெமியன் மாயாவை ஜெயித்துவிட்டு, அதே கூட்டத்தைப் பார்த்து பிரேசில்காரர்களைக் கேவலமாகத் திட்டினார். அந்தச் சண்டைக்கு முன்பு கம்பெனி தன்னைக் கழற்றிவிடத் தயாராக இருந்தது, அந்தப் பேச்சுதான் வேலையைக் காப்பாத்துச்சு என்று பின்னாளில் அவரே சொன்னார். எட்டே மாதத்தில் இடைக்கால சாம்பியன் பட்டத்துக்கான சண்டையும் கிடைத்தது. மற்ற வீரர்கள் இதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க.

பணமும் அப்படித்தான். யு.எஃப்.சி வருமானத்தில் வீரர்களுக்குப் போவது சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் என்பது அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் மூலம் வெளியே வந்தது. கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ-வில் கிட்டத்தட்ட பாதி. வீரர்கள் தொடுத்த அந்த வழக்கு 37.5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. இதில் நட்சத்திரங்களுக்கு மட்டும் தனி வழி ஒன்று இருந்தது. பே-பர்-வியூ, அதாவது ஒரு சண்டையைப் பார்க்கத் தனியாகக் காசு கட்டுவது. எத்தனை பேர் வாங்கறாங்களோ அதில் சாம்பியனுக்கும் ஸ்டாருக்கும் பங்கு. உங்களை ரசிக்கறவன் வாங்கினாலும் சரி, நீங்க அடி வாங்குறதைப் பார்க்கணும்னு வாங்கினாலும் சரி, காசு ஒண்ணுதான்.

மெக்ரிகர் – கபீப்: எங்கே ஆரம்பிச்சது?

2018 ஏப்ரல், புரூக்ளின். கானர் மெக்ரிகரின் நண்பரை ஒரு ஹோட்டலில் கபீப் நுர்மகமதோவ் வழிமறித்து மிரட்டினார். ரெண்டு நாளில் ஆட்களோடு வந்த மெக்ரிகர், கபீப் இருந்த பஸ்ஸின் ஜன்னலில் மூட்டை தள்ளுகிற இரும்பு வண்டியைத் தூக்கி எறிந்தார். கபீப்புக்கு ஒன்றும் ஆகலை. கண்ணாடி பட்டுக் காயமானது மைக்கேல் கியேசா, ரே போர்க். ரெண்டு பேரும் அந்த வாரச் சண்டையிலிருந்து விலக வேண்டியதாச்சு. இந்தப் பகைக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லை.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அந்தத் தாக்குதல் வீடியோவையே விளம்பரமாக வெட்டிப் போட்டு யு.எஃப்.சி அடுத்த சண்டையை விற்றது. செப்டம்பர் பிரஸ் மீட்டில், மது தொடாத முஸ்லிமான கபீப்புக்குத் தன் பிராண்டு விஸ்கியை நீட்டினார் மெக்ரிகர். அப்பாவையும் இழுத்தார். அக்டோபர் 6, லாஸ் வேகஸ். நான்காவது ரவுண்டில் கபீப் அவர் கழுத்தை இறுக்கி சரணடைய வைத்தார். அதோடு நிற்காமல் கூண்டு மேல் ஏறிக் குதித்து மெக்ரிகர் அணிக்காரர் ஒருவர் மேல் பாய்ந்தார். கூண்டுக்குள் கபீப்பின் ஆட்கள் மெக்ரிகரை அடித்தாங்க.

நெவாடா விளையாட்டு ஆணையம் கபீப்புக்கு 5 லட்சம் டாலர், மெக்ரிகருக்கு 50 ஆயிரம் டாலர் அபராதம் போட்டது. சரி, விற்பனை? 24 லட்சம். யு.எஃப்.சி வரலாற்றிலேயே அதிகம். தண்டனைக்கும் லாபத்துக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி இருந்தா யார்தான் திருந்துவாங்க?

கோடு எங்கே?

வம்பிழுக்கறது நமக்கு ஒண்ணும் புதுசில்லை. பாண்டியன் நெடுஞ்செழியனை எதிரிகள் "சின்னப் பையன்" என்று கிண்டலடித்ததும், பதிலுக்கு அவர் போட்ட சபதமும் புறநானூற்றின் 72-வது பாட்டாகவே இருக்கு. தலையாலங்கானத்தில் ஜெயிச்சும் காட்டினார். "உன்னால முடியாது" என்பது திறமை மேல் வைக்கிற சவால். அதுக்குக் களத்தில் பதில் சொல்லலாம்.

2023 டிசம்பரில் அதே கோவிங்டன் பேசினது அந்த ரகம் இல்லை. சாம்பியன் லியோன் எட்வர்ட்ஸின் அப்பா, லியோனுக்கு 13 வயசு இருக்கும்போது லண்டனில் கொல்லப்பட்டவர். பிரஸ் மீட்டில் கோவிங்டன் அவரை நரகத்தோடு சேர்த்துக் கேலி செய்தார். எட்வர்ட்ஸ் தண்ணி பாட்டிலை வீசினார். ரெண்டு நாள் கழித்து ஐந்து ரவுண்டும் முடிந்து புள்ளிகளில் ஜெயித்தார். கோவிங்டனுக்கு அந்தப் பேச்சுக்காகத் தோல்வியைத் தவிர பெரிசா வேறெதுவும் நடக்கலை.

நம்ம ஊர் மைக்குக்கும் இந்தப் பஞ்சாயத்து வந்தது. மாட்டுக்காரர் பேரோடு சாதியையும் சேர்த்து அறிவிக்கிற வழக்கத்துக்கு எதிரான விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. சாதிப் பெயரைத் தவிர்த்ததால் ஜல்லிக்கட்டுக்குக் கூட்டம் குறைஞ்சதா என்ன?

இனி என்ன ஆகும்?

2025 ஆகஸ்டில் யு.எஃப்.சி, பாராமவுன்ட் நிறுவனத்தோடு 7 வருஷத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2026 முதல் அமெரிக்காவில் பே-பர்-வியூ கிடையாது. சந்தா கட்டினா எல்லாச் சண்டையும் பார்க்கலாம். "என் வாயால இத்தனை லட்சம் வித்துச்சு, பங்கு கொடு" என்று எண்ணிக்கையைக் காட்டிப் பேரம் பேசும் வழி அங்கே அடைபடுகிறது.

அப்போ வாய் அடங்குமா? எனக்குச் சந்தேகம்தான். பெரிய சண்டையை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு இன்னமும் அதே கம்பெனி கையில்தான் இருக்கு. ரேங்கிங் வரிசைப்படி சண்டை கொடுத்தே ஆகணும் என்று ஒரு விதி வராத வரைக்கும், அமைதியாக ஜெயிக்கிற வீரர் பிரஸ் மீட்டில் கடைசி நாற்காலியில்தான் உட்காருவார்.