எந்தச் சார்ஜரில போடுறது?

ஒரு டெப் இருக்கிற வீட்டில குறைஞ்சது நாலைந்து சார்ஜராவது கிடக்கும். பழைய போனோட வந்தது, மாமா கட்டாரில இருந்து கொண்டு வந்தது, பஸ் ஸ்டாண்டில வாங்கினது, லப்டொப்பின்ர என்று. இதில எதை டெப்புக்குப் போடலாம் என்று கேட்டால் கடைகளில் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ஒரிஜினல் மட்டும் பாவியுங்கோ, இல்லாட்டி பற்றரி போயிடும்." ஆனால் பல டெப்களின் பெட்டிக்குள் இப்ப சார்ஜரே வாறதில்லை. அந்த ஒரிஜினலையும் நாங்கள்தான் தனியாக் காசு குடுத்து வாங்க வேணும். தெரியாத்தனத்தில பயப்படுற ஆளிடம் எதையும் விற்கலாம். அதால முதலில் கொஞ்சம் கணக்குப் பார்ப்பம்.

சார்ஜரின் முதுகில பொடி எழுத்தில 5 வோல்ட், 2 அம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 10 வொட். ஒரு சாதாரண டெப்பின் பற்றரி 7,000 மில்லி அம்பியர் மணி என்று வைத்தால், அதில ஏறக்குறைய 27 வொட்-மணி சக்தி அடங்கும். 10 வொட் சார்ஜரில மூன்று, மூன்றரை மணித்தியாலத்தில நிரம்பும். அதையே கணினியின் பழைய யூ.எஸ்.பி. துளையில குத்தினால் கிடைப்பது 0.5 அம்பியர், அதாவது 2.5 வொட். பதினொரு மணித்தியாலத்துக்கு மேல போகும். படம் பார்த்துக்கொண்டே போட்டால் ஏறுறதை விட இறங்குறது கூட. 2010இல் வந்த முதலாவது ஐபேட் 10 வொட் சார்ஜரோட வந்தது. அதைச் சாதாரணக் கணினியில குத்தினால் சார்ஜ் ஆகவில்லை என்றே திரையில் காட்டும். பழுது ஒன்றும் இல்லை, வாற கரண்ட் காணாது. அவ்வளவுதான்.

மற்றப் பக்கம், பெரிய சார்ஜர் போட்டால் டெப் எரிஞ்சிடும் என்ற பயம். ஒழுங்கான யூ.எஸ்.பி. சார்ஜர் கரண்டைத் தள்ளுறதில்லை. டெப் தனக்குத் தேவையானதை இழுக்கிறது. டைப்-சி பவர் டெலிவரி சார்ஜர் முதலில் 5 வோல்ட்டைத்தான் தரும். பிறகு டெப்பும் சார்ஜரும் ஒன்றையொன்று விசாரித்து, இரண்டுக்கும் சரி என்றால் மட்டும் 9, 15, 20 வோல்ட் என்று ஏறும். அதால லப்டொப்பின் 65 வொட் டைப்-சி சார்ஜரை டெப்புக்குத் தாராளமாகப் போடலாம். உருண்டை முனை உள்ள பழைய லப்டொப் சார்ஜர் வேற கதை. அது விசாரிக்காமல் 19 வோல்ட் அளவை நேரே தரும். முனை மாற்றிப் போடுற விளையாட்டு வேண்டாம்.

உண்மையான ஆபத்து தரமில்லாத சார்ஜரில இருக்கு. சுவரில 230 வோல்ட், கேபிள் நுனியில 5 வோல்ட். இரண்டையும் பிரித்து வைக்கிறது அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிற காப்பும் இடைவெளியும்தான். விலை குறைக்கிறவர்கள் கை வைக்கிற இடமும் அதுதான். அந்தப் பிரிவு உடைந்தால் 230 வோல்ட் டெப்பைப் பிடித்திருக்கிற பிள்ளையின் கைக்கு வரும். முதுகில விபரம் ஒன்றும் இல்லாத, கையில பிடிக்கக் காற்றுப் போல இருக்கிற, சூடேறி மணக்கிற சார்ஜரை எறிந்துவிடுங்கள். அதைத் தம்பிக்குக் குடுக்கவும் வேண்டாம்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கு வருவம். 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில ஒரு குரங்கு, நாடு முழுக்க இருட்டு. பவர் பேங்க் எங்களுக்கு ஆடம்பரப் பொருள் இல்லை. ஆனால் 10,000 என்று எழுதியிருக்கிற பவர் பேங்கில இருப்பது 37 வொட்-மணி. வோல்ட் மாற்றத்தில மூன்றில் ஒரு பங்கு அளவு வீணாகப் போகும். மிச்சத்தில மேலே சொன்ன டெப் ஒரு தரம் நிரம்பினாலே பெரிய விஷயம். சின்னச் சோலார் தகட்டில டெப்பை நேரே மாட்டினால் ஒவ்வொரு முகிலுக்கும் சார்ஜ் நின்று நின்று வரும். பகலில பவர் பேங்கை நிரப்பி, இரவில அதில இருந்து டெப்புக்கு ஏற்றுறதுதான் சரி.

இவ்வளவையும் பாவிக்கிற ஆளே படித்துக்கொள்ள வேணும் என்று விடுறது நியாயமா? ஐரோப்பிய ஒன்றியத்தில 2024 டிசம்பர் 28 முதல் புதுசாச் சந்தைக்கு வாற போனுக்கும் டெப்புக்கும் டைப்-சி கட்டாயம். எத்தனை வொட் தேவை என்று பெட்டியிலேயே போட வேணும். சார்ஜருடன் விற்கிறவர்கள் சார்ஜர் இல்லாமல் வாங்குற தெரிவையும் தர வேணும்.

சின்ன நாடு, எங்களால முடியாது என்பதை நாங்கள் ஏற்கவில்லை. உருண்டைக் கால், சதுரக் கால் என்று கலந்து கிடந்த பிளக்குகளுக்கு 13 அம்பியர் சதுரக் கால்தான் தேசியத் தரம் என்று இந்த நாடு தீர்மானித்திருக்கிறது. இரண்டு கால் பிளக்கைக் குத்துறதுக்கு மேல் ஓட்டையில பேனையை விடுற பழக்கம் இன்னும் போகவில்லை, உண்மைதான். என்றாலும் சுவர்ப் பக்கத்துக்கு ஒரு தரம் வைக்க முடிந்தது. கேபிளின் மற்ற நுனிக்கும் முடியும்.

நாங்கள் கேட்பது மூன்று: இறக்குமதியாகிற டெப்களுக்கு டைப்-சி, பெட்டியில தேவையான வொட் அளவு, தமிழிலும் சிங்களத்திலும், பரிசோதிக்கப்படாத சார்ஜர் கடைக்கு வரக் கூடாது. விலை கூடும் என்பார்கள். ஐரோப்பாவுக்கு என்று கம்பனிகள் ஏற்கெனவே செய்கிற சாமான்தானே இது? மலிவுச் சார்ஜர் கொஞ்சம் விலை ஏறலாம். ஆனால் ஒரு நல்ல சார்ஜர் வீட்டில் உள்ள எல்லாத்துக்கும் போதும் என்றால், ஐந்து வாங்குற செலவு மிச்சம்.

சட்டம் வரும் வரைக்கும் கடையில "ஒரிஜினலா?" என்று கேட்பதை விட்டுட்டு, "எத்தின வொட்? எங்க எழுதியிருக்கு?" என்று கேளுங்கள். காட்ட முடியாத சார்ஜரை வாங்காதீர்கள்.